ஓர் அடுப்பும் ஒரு பாத்திரமும்



கல்லூரிகள் திறக்கும் நாட்களில் தாதர் நிலையத்திலும் குர்லா நிலையத்திலும் நின்று பார்த்தால் நம் ஊர் மாணவர்களை எளிதில் கண்டுகொள்ளலாம். ஒரு கையில் பெட்டி. மறு கையில் அம்மா கட்டிக் கொடுத்த பருப்புப் பொடியும் ஊறுகாயும் அடங்கிய பை. முதல் வாரத்தில் அவர்கள் கேட்கும் கேள்வி, "நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்பது. மூன்றாவது வாரத்தில் அக்கேள்வி, "மலிவாக எங்கே கிடைக்கும்?" என்று மாறிவிடுகின்றது.

மாதுங்கா நிலையத்தை ஒட்டி 1942-இல் ராமா நாயக் தொடங்கிய உடுப்பி போர்டிங்கில் வயிறார உண்ட இன்பத்தை நம்மில் பலர் அறிவோம். ஆயினும் நாள்தோறும் இரு வேளையும் வெளியில் உண்பதற்கு உபகாரச் சம்பளம் இடம் கொடுப்பதில்லை. ஆகவே மாதக் கடைசியில் தேநீரும் வடாபாவுமே ஆகாரம் என்றாகிறது. அதன் பலனைத் தேர்வு மண்டபத்தில் காண்கிறோம். எனவே, அறையில் சமைத்துக்கொள்வது படிப்பிற்குத் துணையான ஒரு காரியம். அதற்கு வேண்டிய பொருள்களைக் குறைந்த செலவில் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு மழை இரவு

முதலில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறிவிடுகிறேன். செம்பூரில் ஓர் அறையில் நாங்கள் நால்வர் தங்கியிருந்தோம். ஒருவரையொருவர் கலந்து பேசாமல் ஆளுக்கொரு சாமான் வாங்கி வந்தோம். ஒருவன் மின்சாரக் கெட்டில் வாங்கினான், ஒருவன் இண்டக்ஷன் அடுப்பு, இன்னொருவன் ரைஸ் குக்கர், நான் மிக்ஸி. அனைத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, அதனைப் படிக்கும் மேசைக்குரிய சிறு பிளக் பாயின்டில் மாட்டினோம். ஜூலை மாதத்து மழை இரவு ஒன்றில், சோறும் குழம்பும் தேநீரும் ஒரே சமயத்தில் தயாராகிக்கொண்டிருந்தபோது, பெட்டி உருகிப் புகைந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, சுவர் கருகியது. வீட்டுக்காரர் பழுது பார்த்த செலவை எங்களிடம் வசூலித்தார். நால்வரில் ஒருவனுக்கு அந்தப் பங்கு, தேர்வுக் கட்டணத்திற்கென்று ஊரிலிருந்து வந்திருந்த பணம். அவன் அபராதத்துடன்தான் பிறகு கட்டணம் செலுத்தினான்.

பிழை வீட்டுக்காரருடையதன்று, எங்களுடையதே. சாமானைப் பார்த்தோம், சுவரைப் பார்க்கவில்லை.

முதலில் சுவரைப் பாருங்கள்

நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். சாமானின் அடியில் எழுதியிருக்கும் வாட் அளவை 230-ஆல் வகுத்தால் அது இழுக்கும் ஆம்பியர் கிடைக்கும். சிறு துளைகள் கொண்ட சாதாரண பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கு உரியது. அதாவது அது தாங்குவது 1380 வாட். பெரிய துளைகள் கொண்டது 16 ஆம்பியருக்கு உரியது.

எங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கெட்டில் 1500 வாட், இண்டக்ஷன் 1800 வாட், ரைஸ் குக்கர் 400 வாட், மொத்தம் 3700. இதனை 230-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 16 ஆம்பியர்! ஆறு பேர் ஏறும் படகில் பதினாறு பேர் ஏறினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

ஆகவே கடைக்குப் போகுமுன் அறையில் 16 ஆம்பியர் பாயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய முள்ளைச் சிறு துளையில் மாட்ட உதவும் மாற்றுப் பிளக்குகள் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அவற்றை அடுப்பிற்குப் பயன்படுத்தவே கூடாது. விடுதியில் தங்குவோர் மற்றொன்றும் கவனிக்க வேண்டும். பல விடுதிகளில் அறைக்குள் அடுப்பு வைக்க அனுமதியில்லை. வார்டனைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்துச் சமைக்காதீர்கள்.

எந்த அடுப்பு?

நம் அறைகளில் இயலக்கூடியவை மூன்று: எரிவாயு, இண்டக்ஷன், மின்சாரக் கம்பிச்சுருள் அடுப்பு.

வீட்டில் குழாய் எரிவாயு இருந்து, வீட்டுக்காரரும் சம்மதித்தால் அதுவே சௌகரியம். 1995-இல் ஏற்பட்ட மகாநகர் காஸ் நிறுவனத்தின் குழாய்கள் இந்நகரின் பல பகுதிகளுக்கு வந்துவிட்டன. குழாய் இல்லாத இடத்தில், அரசுத் துறை எண்ணெய்க் கம்பெனிகள் விற்கும் 5 கிலோ சிலிண்டர் உண்டு. முகவரிச் சான்று இல்லாமல் அடையாளச் சான்று மட்டும் காட்டி அதனைப் பெறலாம். ஆனால் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைவிடக் கிலோவுக்கு விலை அதிகம். பெரிய சிலிண்டரிலிருந்து சிறியதற்குத் திருட்டுத்தனமாக நிரப்பித் தரும் கடைகளை நாடாதீர்கள்; அது சட்ட விரோதம், உயிருக்கும் ஆபத்து. எரிவாயு எரியும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும், மழையாயினும் சரியே.

இண்டக்ஷன் அடுப்பில் தீ இல்லை. அதனுள் இருக்கும் சுருளில் உண்டாகும் மாறும் காந்தப் புலம் பாத்திரத்தின் அடியையே சூடாக்குகிறது. ஆதலால் வெப்பம் காற்றில் வீணாவது குறைவு. சிறிய அறையும் கொதிப்பதில்லை. 1500 முதல் 2500 ரூபாய்க்குள் நல்லதொன்று கிடைக்கும். ஆனால் 16 ஆம்பியர் பாயின்ட் இன்றியமையாதது.

கம்பிச்சுருள் அடுப்பு விலை குறைவு; எந்தப் பாத்திரத்தையும் ஏற்கும். எனினும் திறந்த சுருளில் பால் பொங்கி வழிந்தாலும், கரண்டி பட்டாலும் மின் அதிர்ச்சிக்கு இடமுண்டு. கூடுமானவரை அதனைத் தவிர்ப்பது நலம்.

தாராவியில் பரண் போன்ற மாடியறைகளில் தங்கும் நண்பர்களுக்குப் பெரிய பாயின்ட் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அவர்கள் 400 வாட் அளவுள்ள சிறு ரைஸ் குக்கரை வாங்கலாம். அது 2 ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும். சோறு மட்டுமன்றிக் கிச்சடி, உப்புமா, வேகவைத்த காய் யாவும் அதில் ஆகும்.

மின்சாரக் கணக்கு

ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 400 வாட் ரைஸ் குக்கர் அரை மணி ஓடினால் 0.2 யூனிட். 1200 வாட்டில் வைத்த இண்டக்ஷன் 25 நிமிடம் ஓடினால் 0.5 யூனிட். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கக் கெட்டிலுக்கு ஏறத்தாழ 0.1 யூனிட்.

இருவேளையும் இண்டக்ஷனில் சமைத்தால் மாதத்திற்கு 30 யூனிட் ஆகும். மாதுங்காவிலும் தாராவியிலும் பெஸ்ட் நிறுவனமும், செம்பூரில் அதானி, டாடா நிறுவனங்களும் மின்சாரம் வழங்குகின்றன. யாருடைய பில்லாயினும், 100 யூனிட்டைத் தாண்டியவற்றிற்கு விலை ஏறும். பில்லை வீட்டுக்காரருடன் பகிர்ந்துகொள்வோர் இதனை முன்கூட்டியே பேசிக்கொள்வது பின்னால் மனத்தாங்கல் வராமல் காக்கும்.

அடுப்பிற்கேற்ற பாத்திரம்

அடுப்பை முடிவு செய்த பின்னரே பாத்திரம். இண்டக்ஷன் அடுப்பிற்கு, காந்தம் ஒட்டும் அடிப்பாகம் கொண்ட பாத்திரம்தான் உதவும். அலுமினியம், பித்தளை, செம்பு, மண் ஆகியவை உதவா. அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய எவர்சில்வர் பாத்திரத்திலும் பலவற்றில் காந்தம் ஒட்டாது. சட்டைப் பையில் சிறு காந்தம் ஒன்றைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். ஒட்டினால் வாங்குங்கள், நழுவினால் விட்டுவிடுங்கள். அடி தட்டையான இரும்புத் தோசைக்கல் இந்தப் புது அடுப்பிலும் நன்றாகச் சுடும், எரிவாயுவிலும் சுடும், விலையும் மலிவு.

ஒரே ஒரு பாத்திரம்தான் வாங்க முடியும் என்றால் பிரஷர் குக்கரை வாங்குங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து, அதற்கு மேல் சூடேறாது. குக்கரின் அழுத்தத்தில் கொதிநிலை சுமார் 120 டிகிரிக்கு உயர்கிறது. ஆகவே பருப்பு விரைவில் வேகிறது, எரிபொருளும் மிச்சமாகிறது.

தனியாள் சமையலுக்கென்று பாத்திரம் செய்யும் முயற்சி புதிதன்று. 1910-இல் கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் என்னும் மருத்துவர் 'இக்மிக் குக்கர்' என்ற ஒன்றை ஆக்கினார். அடியில் கரி, மேலே அடுக்கிய கிண்ணங்களில் சோறு, பருப்பு, காய். அடுப்பை மூட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். நம் தாத்தா பாட்டிமார் 'ருக்மணி குக்கர்' என்று சொன்னதும் அவ்வகை அடுக்குப் பாத்திரமே. இந்த மும்பையில் 1959-இல் ஹாக்கின்ஸ் கம்பெனி பிரஷர் குக்கர் செய்யத் தொடங்கிற்று. அடுக்கிச் சமைக்கும் யுக்தி இன்றும் நமக்கு உதவும். 5 லிட்டர் குக்கரில் அடுக்குக் கிண்ணம் வைத்தால் மூவருக்கு வேண்டிய சோறும் பருப்பும் ஒரே சமயத்தில் ஆகிவிடும். தனியாளுக்கு 2 அல்லது 3 லிட்டர் போதும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2347 என்ற எண்ணும் இருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டு மத்திய அரசு ஆணையால் இம்முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. இண்டக்ஷனுக்கென்றால் அதற்குரிய அடிப்பாகம் உள்ளதா என்று காந்தத்தால் சோதியுங்கள். சமைக்கும்போது மூன்றில் இரண்டு பங்கிற்கு மேல் நிரப்பாதீர்கள். அரிசி, பருப்பு போன்று உப்பும் பொருளாயின் பாதியளவே. ரப்பர் வளையம் தளர்ந்தால் அதே கம்பெனியின் வளையத்தை வாங்கி மாற்றுங்கள்.

இவற்றோடு ஒரு கத்தி, ஒரு கரண்டி, ஆளுக்கொரு தட்டும் டம்ளரும், அரிசிக்கும் பருப்பிற்கும் இறுக மூடும் இரண்டு டப்பா. இவ்வளவே அத்தியாவசியம். மழைக்கால ஈரத்தில் அரிசியில் வண்டு விழும். ஆதலால் மூட்டையாக வாங்காமல் கிலோக் கணக்கில் வாங்குங்கள்.

எங்கே வாங்குவது?

மின்சாரச் சாமான்களுக்குக் கிராபோர்ட் மார்க்கெட்டை அடுத்த லோஹார் சால் பகுதி பெயர் பெற்றது. நான்கு கடை ஏறி இறங்கி விலை கேட்டு, பில்லும் உத்தரவாதச் சீட்டும் பெற்றே வாங்குங்கள். எவர்சில்வர் பாத்திரங்களை எடை போட்டு விற்கும் கடைகள் பல; அங்கே முதலில் கிலோ விலையைக் கேளுங்கள். தாராவி கும்பார்வாடாவில் குஜராத்திலிருந்து குடியேறிய குயவர் குடும்பங்கள் வனையும் மண்பானை, குளிர்பெட்டி இல்லாத அறைக்குக் குளிர்ந்த நீர் தரும். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண்கள் தெருவில் வருவார்கள். கிழியாத பழைய கால்சட்டைகளுக்கு ஒரு கிண்ணமாவது கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை. முத்திரையும் பெயரும் இல்லாத மலிவு அலுமினியப் பாத்திரங்களில், பழைய உலோகக் கழிவை உருக்கி வார்த்தவையும் கலந்திருக்கலாம். அத்தகைய பாத்திரங்களிலிருந்து ஈயம் உணவில் கலப்பதைப் பல நாடுகளில் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. புளிக்குழம்பு வைக்கும் நமக்கு இது முக்கியம். புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். பழைய தட்டும் தோசைக்கல்லும் பிறரிடம் வாங்கலாம். கம்பி நைந்த பழைய மின்சாரச் சாமானை இலவசமாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

வேண்டாதவை

மிக்ஸி முதல் மாதத்தில் வேண்டியதில்லை. மாதுங்காவிலும் தாராவியிலும் அரைத்த இட்லி மாவு கிலோக் கணக்கில் விற்கிறார்கள். குளிர்பெட்டி வேண்டியதில்லை, பாலும் தயிரும் காயும் அன்றன்று வாங்கிக்கொள்ளலாம். விளம்பரத்தில் மின்னும் ஏர் பிரையர் போன்றவை வேண்டவே வேண்டியதில்லை. ஒரு மாதம் சமைத்துப் பாருங்கள். எது இல்லாமல் வாரத்தில் மூன்று நாள் கை முடங்கியதோ, அதனை மட்டும் இரண்டாம் மாதம் வாங்குங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பெரியோர் வாக்கு.

கூடி வாழும் முறை

நிற்க. பல பேர் தங்கும் அறையில் சண்டை பெரும்பாலும் சாமானைப் பற்றியே மூள்கிறது. ஆகவே ஒரு சாமானுக்கு ஒருவரே சொந்தக்காரராக இருக்கட்டும். அரிசி, பருப்பு, மின்சாரம் ஆகியவற்றை மட்டும் சமமாகப் பங்கிடுங்கள். ஆண்டு முடிவில் குக்கரை நான்காக வெட்ட முடியாதல்லவா!

அந்த மழை இரவிற்குப் பின் நாங்கள் செய்ததும் இதுவே. கெட்டிலையும் மிக்ஸியையும் பாதி விலைக்கு விற்றோம். ரைஸ் குக்கர் அதன் சொந்தக்காரனுடன் வேறு அறைக்குச் சென்றது. எஞ்சிய மூவரும் ஓர் இண்டக்ஷனும் 5 லிட்டர் குக்கர் ஒன்றும் வைத்துக்கொண்டு, எலக்ட்ரீஷியனை அழைத்து 16 ஆம்பியர் பாயின்ட் போட்டுக்கொண்டோம். அபராதம் கட்டிய நண்பனே அந்தக் குக்கரின் சொந்தக்காரன். படிப்பு முடிந்து போகையில் அதனை அடுத்து வந்த முதலாண்டு மாணவனிடம் கொடுத்துவிட்டுப் போனான். இரண்டு முறை ரப்பர் வளையம் மாற்றியாயிற்று. இன்னும் அது சோறு வடிக்கிறது.

மே மாதத்தில் ஊர் திரும்பும் மூத்த மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குக்கரையும் தோசைக்கல்லையும் பழைய சாமான்காரனுக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நம் சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, கொடுப்போர் பெயரையும் பெறுவோர் பெயரையும் எழுதி வைத்தால் போதும். ஜூன் மாதம் வந்திறங்கும் தம்பி தங்கையரில் சிலருக்காவது முதல் மாதப் பணம் கையில் நிற்கும்.