போலியணிகளைச் செப்பனிடுதல்

பொன்னகை முறிந்தால் பொற்கொல்லரிடம் கொண்டு செல்கின்றோம். கில்ட்டு நகை முறிந்தால் யாரிடம் செல்வது? அதன் விலை சொற்பம். செப்பனிடும் கூலியோ அவ்விலையினும் மிகும். ஆதலால் கடைக்காரர் அதனைக் கையில் வாங்கவும் மனங்கொள்ளார். ஆயினும், அதனைப் பல்லாண்டு பெட்டியில் வைத்துப் போற்றிவந்த பாட்டியாருக்கு அதன் மதிப்பு விலையைப் பற்றியதன்று. இவ்வாறு கடைகளிற் கைவிடப்பட்ட அணி, முடிவில், வீட்டிற் சிறிது கல்வியும் கைத்திறமும் உடைய ஒருவரை வந்தடைகின்றது. நம் மாணவ மாணவியர் பலர்க்கும் இப்பணி வாய்க்கக்கூடும். அன்பினாற் செய்யும் உதவியோடு அறியாமையுஞ் சேருமாயின், அவ்வணி ஒரு நாழிகைக்குள் மீளாவண்ணம் அழியும். ஆதலின் அதன் இயல்பைச் சிறிது ஆராய்வோம்.

போலியணி என்றவுடன் இகழ்தல் தகாது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1701-ஆம் ஆண்டில் பிறந்து, பாரிஸ் மாநகரில் தொழில் நடத்திய ஜார்ஜ் பிரெடரிக் ஸ்ட்ராஸ் என்பார், ஈயங் கலந்த கண்ணாடியை வைரம்போல ஒளிரச் செய்து புகழ் பெற்றார். ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் அத்தகைய கல்லுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகின்றது. 1840-ஆம் ஆண்டில் பர்மிங்ஹாம் நகரத்து எல்கிங்டன் குடும்பத்தார் மின்சாரத்தால் முலாம் பூசும் முறைக்கு உரிமை பெற்றனர். 1892-ஆம் ஆண்டில் டேனியல் ஸ்வரோவ்ஸ்கி என்பார் கண்ணாடிக் கற்களுக்குப் பட்டை தீட்டும் இயந்திரத்திற்கு உரிமை பெற்றார். இவற்றின் பயனாகச் செல்வர்க்கே உரியதாயிருந்த அழகு எளியோர்க்கும் கிட்டுவதாயிற்று. நம் நாட்டிற் சிதம்பரம் கவரிங் நகைகள் பெயர்பெற்றிருப்பது யாவரும் அறிந்ததே.

செப்பனிடப் புகுவார் முதற்கண் உணரவேண்டியது, இவ்வணி பல பொருள்களின் கூட்டு என்பதாம். அடியிற் செம்பு, பித்தளை, அல்லது வெள்ளீயக் கலவை. அதன்மேற் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லிய பொன்முலாம். அதன்மீது பசையால் ஒட்டிய கண்ணாடிக் கல். கல்லின் பின்புறத்தே ஒளியை எதிரொளிக்கும் வெள்ளிப் பூச்சு. இவற்றுள் ஒன்றற்கு மருந்தாவது மற்றொன்றற்கு நஞ்சாகும்.

முதலாவது, தூய்மை செய்தல். பொன்னகையைப் பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்துத் தேய்ப்பது நம் இல்லங்களின் வழக்கம். போலியணிக்கு அது செய்யலாகாது. கல்லின் பின்புறம் நீர் புகுந்தால் வெள்ளிப் பூச்சுக் கறுத்துக் கல் ஒளியிழக்கும். பின்னர்க் கல்லையே மாற்றுவதன்றி வேறு வழியில்லை. புளியும் எலுமிச்சஞ்சாறும் முலாம் தேய்ந்த இடங்களில் அடியுலோகத்தை அரித்து, எஞ்சிய முலாமையும் பெயர்த்துவிடும். ஆதலின் மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியை அகற்றுக. பச்சைக் களிம்பு படிந்திருப்பின், மூங்கிற் குச்சியின் முனையால் மெல்ல மெல்ல நீக்குக. பின்னும் அழுக்கிருந்தால், நன்கு பிழிந்த ஈரத்துணியால் உலோகத்தை மட்டும் துடைத்து உடனே உலர்த்துக. எம்முறையையும் முதலில் அணியின் பின்புறத்தே சோதித்தல் நன்று.

இரண்டாவது, கல் பதித்தல். ஈடான கல்லைத் தேடுங்கால் நிறமேயன்றி அகலமும் உயரமும் ஒத்திருத்தல் வேண்டும். பழைய பசையை முற்றும் நீக்கிய பின்னரே புதியதை இடுக. நொடியில் ஒட்டும் பசையின் ஆவி கல்லின்மேல் வெண்ணிறமாய்ப் படியும். இரு கூறுகளைக் கலந்து இடும் எபாக்சிப் பசையே ஏற்றது. அதுவும் ஊசிமுனையளவு போதும்.

மூன்றாவது, முறிந்ததைப் பொருத்துதல். பொன் உருகுவது 1,064 பாகை சென்டிகிரேட் வெப்பத்தில். வெள்ளீயமோ 232 பாகையிலேயே உருகும். பொற்கொல்லரின் ஊதுகுழல் தீ, வெள்ளீயக் கலவையாலான அணியை உருவழித்துவிடும். கற்களின் பூச்சையும் கருக்கிவிடும். ஆகவே, தீயை நாடாது, கெட்ட வளையத்தையும் கொக்கியையும் மட்டும் மாற்றுவதே தக்கது.

நான்காவது, முத்துக்கோவை. போலிமுத்துக்கள் பல, மீன் செதிலினின்று எடுத்த ஒளிப்பொருளைக் கண்ணாடி மணியின்மேற் பூசிச் செய்யப்பட்டவை. அழுத்தித் தேய்த்தால் அப்பூச்சு உரியும். நூலை அறுக்குமுன் மணிகளை எண்ணி, அவற்றின் வரிசையைப் படமெடுத்து வைத்துக்கொள்க. பட்டு நூலில் மணிக்கு மணி முடிச்சிட்டுக் கோத்தால், மணிகள் ஒன்றோடொன்று உராயா. நூல் அறினும் எல்லாம் சிதறா.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பழைய அணிகள் சிலவற்றில் ஈயம் கலந்திருக்கும். அவற்றை அரத்தால் அராவுதலும், சிறு குழந்தைகள் வாயில் வைக்க விடுதலும் தீது. பழைய சீப்புக்களும் வளையல்களும் சில செல்லுலாய்டால் ஆனவை. கற்பூரங் கூட்டிச் செய்யும் அப்பொருள் எளிதில் தீப்பற்றும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய சோதனையை அறவே கைவிடுக.

இவை யாவற்றினும் முதன்மையானது, உரியவரைக் கேட்டறிதல். புதுமுலாம் பூசுவதாயின் கற்களைக் கழற்றி உலோகத்தைத் தேய்த்து மெருகிடல் வேண்டும். அதனால் நுண்ணிய வேலைப்பாடு மழுங்கும். தம் தாயாரின் கைபட்டுத் தேய்ந்த இடம் தேய்ந்தபடியே இருத்தல் வேண்டும் என்பது அப்பாட்டியாரின் விருப்பமாகவும் இருக்கலாம். அவர் வேண்டியது அறுந்த கொக்கி ஒன்று மாற்றப்படுவதாயின், அம்மட்டோடு நிற்பதே உதவி. மாற்றியவை இவையென மறையாது கூறி, கழற்றிய பழைய கல்லையும் ஒரு சிறு பொதியிலிட்டு அவரிடமே ஒப்புவித்தல் முறைமை. நம்மால் இயலாததை இயலாதென்று சொல்லி, அணியை வந்தவாறே திருப்பித் தருதலும் அன்பின்பாற் பட்டதே. கல்வி கற்றோர் கைகளில் பெரியோர் நம்பி ஒப்புவிக்கும் பொருள் சிறிதாயினும், அந்நம்பிக்கை பெரிது என்பதை நம் மாணவர் மறவாதிருப்பாராக.