அஞ்சலக வரிசையும் ஒரு நிமிடக் கணக்கும்

போடிநாயக்கனூர் வட்டாரப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் நன்கு அறிந்த காட்சி இது. மாணவர்களின் பெற்றோரில் பலர் விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் வீடு திரும்பும் நேரத்தில் அஞ்சலகம் மூடியிருக்கும். சான்றிதழ் நகல் கேட்டு ஒரு விண்ணப்பம் அனுப்ப வேண்டுமென்றால்கூட அவர்கள் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். எனவே, "சார், இதை நீங்களே போட்டுவிடுங்களேன்" என்ற வேண்டுகோளோடு அந்த உறை ஆசிரியரின் கைக்கு வந்து சேர்கிறது.

ஆசிரியருக்கும் நேரம் தாராளமாக இல்லை. குரங்கணி, கொட்டகுடிப் பக்கத்துப் பள்ளியிலிருந்து போடிக்கு இறங்கி வருபவர், திரும்பும் பேருந்தைத் தவறவிடக் கூடாது. அஞ்சலகத்தில் பதினைந்து பேர் நின்றால் அன்றைய திட்டம் கலைந்துவிடும். கடைசி நாள் கடந்துபோனால் இழப்பு மாணவருக்கு. ஆகவே வரிசை ஏன் நீளுகிறது, அதில் நம்மால் எதைக் குறைக்க முடியும் என்று தெரிந்துகொள்வது பயனுள்ளது. இதில் உயர்நிலை வகுப்புகளுக்கு ஏற்ற நல்ல கணக்கும் இருக்கிறது.

தேக்கம் எங்கே உண்டாகிறது?

நம் மலையிலேயே இதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் போடி வழியாகத்தான் சமவெளிக்கு வந்தது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1908 முதல் சிறு ரயில் ஓடியது. 1924 வெள்ளம் அதை அழித்துவிட்டது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் பெட்டிகள் இறங்கின. அங்கிருந்து போடிக்குச் சாலை வழிப் பயணம். இப்படிப்பட்ட சங்கிலியில் எந்தக் கண்ணி மெதுவாக நகர்கிறதோ, அதன் வாசலில்தான் சுமை தேங்கும். மற்றக் கண்ணிகளை எவ்வளவு வேகப்படுத்தினாலும் அந்தத் தேக்கம் குறையாது.

அஞ்சலகத்தில் அந்த மெதுவான கண்ணி, கவுண்டரில் ஒவ்வொருவருக்கும் ஆகும் நிமிடங்கள். வருகிறவர்களின் எண்ணிக்கை நம் கையில் இல்லை. ஆனால் நம் உறைக்கு அங்கே எத்தனை நிமிடம் ஆகும் என்பது பெரும்பாலும் நாம் செய்துகொண்டு போகும் ஏற்பாட்டைப் பொறுத்தது.

எர்லாங் காட்டிய வழி

டென்மார்க்கைச் சேர்ந்த கணித அறிஞர் ஏ. கே. எர்லாங், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றியவர். இணைப்புக்காகக் காத்திருக்கும் அழைப்புகளை ஆராய்ந்து 1909இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இன்று வரிசைக் கோட்பாடு என்று சொல்லப்படும் கணிதத் துறை அதிலிருந்து வளர்ந்தது. அதன் மிக எளிய மாதிரியை நம் அஞ்சலகத்துக்குப் பொருத்திப் பார்ப்போம்.

ஒரே கவுண்டர். மணிக்குச் சராசரியாக 10 பேர் வருகிறார்கள். ஒருவருக்குச் சராசரியாக 5 நிமிடம் ஆகிறது, அதாவது மணிக்கு 12 பேரைக் கவனிக்க முடியும். வருவது 10, முடிவது 12 என்றால் வரிசையே இருக்காது என்று தோன்றும். ஆனால் மக்கள் சீரான இடைவெளியில் வருவதில்லை. சில நேரம் ஐந்து பேர் சேர்ந்து வருவார்கள், சில நேரம் கவுண்டர் சும்மா இருக்கும். ஒருவர் வேலை ஒரு நிமிடத்தில் முடியும், இன்னொருவருக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். சும்மா கழிந்த நேரத்தைச் சேமித்து வைத்துப் பிறகு பயன்படுத்தவும் முடியாது.

இந்த மாதிரியில் வரிசையில் நிற்கும் சராசரி நேரத்தைக் காண்பதற்கான வாய்பாடு: வருகை வீதத்தை, சேவை வீதத்தாலும், சேவை வீதத்துக்கும் வருகை வீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தாலும் வகுக்க வேண்டும். 10-ஐ 12-ஆல் வகுத்து, மீண்டும் 2-ஆல் வகுத்தால் 0.4167 மணி, அதாவது 25 நிமிடம்.

இப்போது ஒருவருக்கு ஆகும் நேரம் 5 நிமிடத்திலிருந்து 4 நிமிடமாகக் குறைவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 15 பேரைக் கவனிக்கலாம். 10-ஐ 15-ஆலும் பிறகு 5-ஆலும் வகுத்தால் 8 நிமிடம்தான் வருகிறது. ஆளுக்கு ஒரு நிமிடம் மிச்சமானதில் காத்திருப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 5 நிமிடச் சேவையே தொடர்ந்து, மணிக்கு 10 பேருக்குப் பதில் 11 பேர் வந்தால் காத்திருப்பு 25 நிமிடத்திலிருந்து 55 நிமிடமாகிவிடும். ஏறக்குறைய நிரம்பிவிட்ட கவுண்டரில் ஒரு சிறு கூடுதலும் பெரும் வரிசையாகிறது. ஊழியர் மெதுவாக வேலை செய்கிறார் என்று நாம் நினைக்கும் பல நேரங்களில் உண்மையான காரணம் இந்தக் கணக்குதான்.

அந்த ஒரு நிமிடம் எங்கே இருக்கிறது?

முகவரியில் இருக்கிறது. கவுண்டரில் இருப்பவர் பெறுநர் பெயர், பின்கோடு, அனுப்புநர் பெயர், கைபேசி எண் ஆகியவற்றைக் கணினியில் ஏற்ற வேண்டும். எழுத்து புரியாவிட்டாலும், ஓர் எண் விடுபட்டிருந்தாலும் நிமிடங்கள் கரையும். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் கடிதம் எந்தப் பிரிப்பு மாவட்டத்துக்குப் போக வேண்டும் என்பதையும், கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் காட்டுகின்றன. போடிநாயக்கனூருக்கு 625513, மூணாற்றுக்கு 685612. இரண்டாம் இலக்கத்தில் 2-க்குப் பதில் 8 என்று எழுதினால் கடிதம் கேரளத்துக்குப் போய்விடும். எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு இது முக்கியம். தோட்டக் குடியிருப்புகளுக்குக் கதவு எண் இல்லாத இடத்தில் தோட்டத்தின் பெயர், அஞ்சல், வட்டம், மாவட்டம் ஆகியவற்றைத் தனித்தனி வரியில் எழுதுவது நல்லது.

எடையில் இருக்கிறது. 80 ஜிஎஸ்எம் தாள் என்றால் ஒரு சதுர மீட்டர் 80 கிராம். ஏ4 தாள் சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு, ஆகவே ஒரு தாள் 5 கிராம். விரைவு அஞ்சலின் முதல் படி 50 கிராம். உறையின் எடையையும் சேர்த்து எட்டுத் தாள் வரை அதில் அடங்கும். 2025 அக்டோபர் முதல் இந்தப் படிக்குக் கட்டணம் உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய், ஜிஎஸ்டி தனி. மாணவர்களுக்கு 10 சதவீதத் தள்ளுபடியும் அறிவிக்கப்பட்டுள்ளது, மாணவர் அடையாள அட்டையைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. பழைய பதிவு அஞ்சல் 2025இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. பெறுநரிடமே ஒப்படைக்க வேண்டுமானால் விரைவு அஞ்சலோடு 'பதிவு' என்ற கூடுதல் சேவையைக் கேட்க வேண்டும். எது வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொண்டு போனால் கவுண்டரில் விளக்கம் கேட்கும் நேரம் மிச்சம்.

சில்லறையிலும் இருக்கிறது. சரியான தொகையை எடுத்து வைத்துக்கொள்ளலாம். க்யூஆர் குறியீடு உள்ள அலுவலகத்தில் கைபேசி வழியே செலுத்தலாம். உறையை ஒட்டுவதையும் முகவரி எழுதுவதையும் கவுண்டர் முன் நின்று செய்யாமல் பள்ளியிலேயே முடித்துவிட வேண்டும்.

வரிசையே தேவைப்படாதவை

எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. சிறார் இதழ்களுக்குப் போகும் குழந்தைகளின் படைப்புகள், வாழ்த்துகள், நன்றிக் கடிதங்கள் சாதாரணத் தபாலில் போகலாம். 20 கிராம் வரை 5 ரூபாய்த் தலை போதும். மாதம் ஒரு முறை அஞ்சல் தலைகளை மொத்தமாக வாங்கிப் பள்ளியில் வைத்துக்கொண்டால், பிறகு தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடலாம்.

அடுத்தது கிளை அஞ்சலகம். பலர் இதை ஓய்வூதியத்துக்கும் சேமிப்புக்கும் மட்டும் என்று நினைக்கிறார்கள். கிளை அஞ்சலகங்களுக்குக் கையடக்கக் கருவி வந்தபின் அங்கேயே விரைவு அஞ்சலும் பதிவு செய்யப்படுகிறது. ரசீதும் உடனே கிடைக்கும். அது நாளொன்றுக்குச் சில மணி நேரமே திறந்திருக்கும், ஆகவே வேலை நேரத்தையும் பை புறப்படும் நேரத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பை புறப்பட்ட பிறகு கொடுக்கும் உறை மறுநாள்தான் மலையிறங்கும்.

எந்த நாளைத் தவிர்க்கலாம்?

சிறிய அஞ்சலகங்களில் தபாலும் சேமிப்பும் ஒரே ஊழியர் கையில் இருக்கும். சேமிப்பு விதிகளே கூட்டத்துக்கு நாள் குறிக்கின்றன. செல்வமகள், பிபிஎஃப் கணக்குகளில் 5ஆம் தேதிக்குள் பணம் கட்டினால்தான் அந்த மாத வட்டியில் அது சேரும். தொடர் வைப்புக் கணக்கில், மாதத்தின் முதல் பாதியில் தொடங்கியவர்களுக்கு 15ஆம் தேதியும், மற்றவர்களுக்கு மாதத்தின் கடைசி வேலை நாளும் கெடு. ஆகவே 1 முதல் 5 வரை, 15ஐ ஒட்டிய நாட்கள், மாதக் கடைசி ஆகியவற்றைத் தவிர்த்து, 7 முதல் 12 வரையோ 17 முதல் 25 வரையோ போவது நல்லது. விடுமுறைக்கு மறுநாளும் கூட்டம் இருக்கும்.

இருபது உறைகளோடு போகும் ஆசிரியர், பின்னால் நிற்பவர்களுக்குத் தாமே ஒரு தடையாகிறார் என்பதையும் நினைக்க வேண்டும். பெயர், ஊர், பின்கோடு எழுதிய பட்டியலோடு போய், அஞ்சலக அதிகாரியிடம் முன்பே பேசி, அவர் சொல்லும் நேரத்தில் கொடுத்தால் இருதரப்புக்கும் எளிது.

நூலகத்துக்குப் புத்தகம் அனுப்ப

மலைப் பள்ளி நூலகங்களுக்குப் பழைய மாணவர்களும் நண்பர்களும் புத்தகம் அனுப்ப விரும்புவதுண்டு. அவர்களிடம் 'ஞான் போஸ்ட்' என்று கேட்டு அனுப்பச் சொல்லலாம். 2025 மே 1 முதல் கல்வி நூல்களுக்காக இந்தச் சேவை நடைபெறுகிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியில் போவதால் சில நாள் கூடுதலாகும், ஆனால் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று இணையத்தில் பார்க்கலாம். அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் நூலில் இருக்க வேண்டும், விளம்பர வெளியீடாக இருக்கக் கூடாது.

வகுப்பறையில்

தொடக்க வகுப்புகளில் முகவரி எழுதுதல், பின்கோடு கண்டுபிடித்தல், எடை மதிப்பிடுதல் ஆகியவற்றைச் செயல்பாடாக்கலாம். ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் நான்கைந்து பேர், அஞ்சலக அதிகாரியின் அனுமதியோடு ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து இரண்டை மட்டும் குறிக்கட்டும்: ஒவ்வொருவரும் உள்ளே வந்த நேரம், அவர் வேலை முடிந்த நேரம். யாருடைய பெயரும் முகவரியும் வேண்டாம். சராசரி, வரைபடம், மேலே சொன்ன வாய்பாடு எல்லாம் அந்த ஒரு தாளிலிருந்து கிடைக்கும். கணித்த காத்திருப்பும் அளந்த காத்திருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று விவாதிக்கலாம்.

இன்னொரு ஏற்பாடும் செய்யலாம். பள்ளி அலுவலகத்தில் ஓர் அட்டைப் பெட்டி வைத்து, வாரத்தில் ஒரு நாளைத் தபால் நாள் என்று அறிவிக்கலாம். பெற்றோர் கொடுத்தனுப்பும் உறைகளை மேல்வகுப்பு மாணவர்கள் முகவரி, பின்கோடு சரிபார்த்து, எடை போட்டு, கட்டணம் குறித்து வைக்கட்டும். அந்த வாரம் கீழே இறங்கும் ஆசிரியர் அவற்றைக் கொண்டுபோய் ரசீதுகளைத் திருப்பித் தரலாம். கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டிய பல பெற்றோருக்கு அந்த நாள் மிச்சமாகும்.