சூரியனின் சிக்கனம்

ஒரு கிலோ மனித உடல், ஒரு கிலோ சூரியன். இரண்டில் எது அதிக வெப்பம் தரும்? கேள்வியே கேலி போலத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டால் ஜெயிப்பது மனித உடல், அதுவும் பல ஆயிரம் மடங்கு வித்தியாசத்தில். சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடல்கூட கிலோவுக்கு ஒரு வாட்டுக்குச் சற்று மேலாக வெப்பத்தை வெளிவிடுகிறது. சூரியனின் மொத்த ஆற்றலை அதன் நிறையால் வகுத்தால் கிலோவுக்கு ஒரு வாட்டில் ஐயாயிரத்தில் ஒரு பங்குதான் தேறும். சித்திரை வெயில் நம்மை வாட்டுவதற்குக் காரணம் சூரியனின் பிரம்மாண்டம். மற்றபடி அது மிக நிதானமாக எரியும் அடுப்பு.

அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். சூரியனின் மையத்தில் வெப்பம் ஒன்றரைக் கோடி டிகிரி. அங்கே புரோட்டான்கள் ஓயாமல் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கின்றன. அந்த மோதல்கள் ஏறக்குறைய எல்லாமே வீண். இரண்டு புரோட்டான்கள் ஒட்டிக்கொள்ள வேண்டுமானால், நெருங்கிய அந்தக் கணத்திலேயே இரண்டில் ஒன்று நியூட்ரானாக மாறியாக வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்யக்கூடியது ஒரே ஒரு விசைதான். பெயரே பலவீன விசை. அது மிக அபூர்வமாகத்தான் கை கொடுக்கும். ஒரு புரோட்டான் தன் ஜோடியோடு சேரச் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்துக் கிடக்கிறது. சூரியன் ஒரேயடியாக எரிந்து தீராமல் இருப்பதில் இந்தக் காத்திருப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 460 கோடி ஆண்டுகள் எரிந்த பிறகும், இன்னும் ஏறக்குறைய அவ்வளவு காலத்துக்கு அதனிடம் இருப்பு இருக்கிறது. பூமியில் பாசி படரவும், மீன் நீந்தவும், மரம் ஓங்கவும் தேவைப்பட்ட அவகாசம் இப்படிக் கிடைத்ததுதான். இதைப் படைத்தவனின் கணக்கு என்பேன் நான். இறை நம்பிக்கை இல்லாத நண்பர்கள் இயற்கையின் கணக்கு என்று வாசித்துக்கொள்ளட்டும். வியப்பு இருவருக்கும் பொதுதான்.

ஒவ்வொரு முறை புரோட்டான் நியூட்ரானாக மாறும்போதும் நியூட்ரினோ என்னும் நுண்துகள் ஒன்று பிறக்கிறது. மின்னூட்டம் இல்லாதது; எடையோ இல்லை என்றே சொல்லிவிடலாம் போல அவ்வளவு குறைவு. பொருள்களோடு அதற்கு இருக்கும் உறவும் அந்தப் பலவீன விசை வழியாக மட்டும்தான். அதனால் எதுவும் அதைத் தடுப்பதில்லை. சூரிய மையத்தில் உண்டாகும் ஒளி முட்டி மோதி மேற்பரப்புக்கு வர பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும். சில கணக்குகள் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் என்கின்றன. நியூட்ரினோ இரண்டே நொடிகளில் வெளியே வந்து, எட்டே கால் நிமிடத்தில் பூமியைத் தொட்டுவிடுகிறது. இங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி நியூட்ரினோக்கள் கடக்கின்றன. பகலில் தலைவழியே இறங்குகின்றன. இரவில் நாம் பாயில் படுத்திருக்கும்போது, பூமியை முழுக்கத் துளைத்து வந்து முதுகு வழியே மேலேறிப் போகின்றன.

1930-இல் வோல்ஃப்காங் பவுலி இப்படியொரு துகள் இருக்க வேண்டும் என்று சொன்னபோது, அதை யாராலும் பிடிக்க முடியாது என்றே நினைத்தார். 1956-இல் ரைன்ஸும் கோவனும் அமெரிக்காவில் ஓர் அணு உலையின் பக்கத்திலேயே கருவியை வைத்து அதைப் பிடித்துக் காட்டினார்கள். உலையில் பிறந்ததைப் பிடித்தாயிற்று. இயற்கையாக வருவதைப் பிடிப்பது எப்படி?

அதற்குப் பாதாளத்துக்குப் போக வேண்டியிருந்தது. நிலத்தின் மேல் விண்கதிர்களால் உண்டாகும் மியூவான் துகள்கள் மழையாகப் பொழிகின்றன. உள்ளங்கையை விரித்தால் நொடிக்கு ஒன்றாவது விழும். அந்த இரைச்சலில் நியூட்ரினோவின் முனகல் கேட்காது. வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுவட்டாரங்களிலிருந்தும் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கம் வெட்டிய கோலார் தங்கவயல் அதற்குத் தோதான இடமாக அமைந்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் ஆகியோரின் குழு, ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கருவியை நிறுவியது. துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகளை இரு சுவர்களாக எதிரெதிரே நிறுத்தி, நடுவில் நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்களை வரிசையாக அடுக்கினார்கள். துகள் கடந்த பாதையில் உள்ள குழாய்கள் மட்டும் மின்னும். கேமரா அதைப் படமெடுக்கும். சுவரை ஏன் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்தார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அத்தனை பாறையையும் தாண்டி வரும் மியூவான் மேலிருந்து செங்குத்தாகத்தான் வர முடியும். பக்கவாட்டில் ஒன்று வந்தால், அது எண்ணற்ற கிலோமீட்டர் பாறையைத் துளைத்திருக்க வேண்டும். மியூவானால் அது ஆகாது. ஆகவே அது பக்கத்துப் பாறையில் ஒரு நியூட்ரினோ மோதிப் பிறந்ததாகத்தான் இருக்கும். 1965-இல் அப்படிப் பக்கவாட்டுக் கோடுகள் விழுந்தன. விண்கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதி உண்டாக்கும் நியூட்ரினோக்கள் உலகில் முதன்முதலாகத் தென்பட்டது அந்த ஆண்டில்தான். தென்னாப்பிரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கத்தில் ரைன்ஸ் குழுவும் அதே ஆண்டில் கண்டது. கோலாரில் வெட்டிய தங்கத்தைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். இதைப் பற்றி நம் பாடப் புத்தகங்கள் இன்னும் கொஞ்சம் பேசலாம்.

சூரியனிலிருந்து வருவதைப் பிடிக்க அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர் ரேமண்ட் டேவிஸ். துணிகளை உலர்சலவை செய்யும் திரவம் 600 டன்னுக்கும் மேல் ஒரு தொட்டியில். அதிலுள்ள குளோரின் அணு ஒன்றில் நியூட்ரினோ மோதினால் அது ஆர்கான் அணுவாகும். சில வாரங்களுக்கு ஒருமுறை ஹீலியம் வாயுவைச் செலுத்தி, அவ்வளவு திரவத்திலிருந்தும் விரல்விட்டு எண்ணும்படியான சில ஆர்கான் அணுக்களை வெளியே எடுத்து எண்ணுவார். சுமார் 30 ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 2,000. எவ்வளவு கிடைக்க வேண்டும் என்று ஜான் பாகால் போட்டுக் கொடுத்த கணக்கில் மூன்றில் ஒரு பங்குதான் அது. டேவிஸின் சோதனையில் ஓட்டை என்றார்கள், பாகாலின் கணக்கில் பிழை என்றார்கள். இரண்டுமே சரியாகத்தான் இருந்தன. நியூட்ரினோ மூன்று வகை. வரும் வழியிலேயே வகை மாறிக்கொள்கிறது. டேவிஸின் தொட்டிக்கு ஒரு வகைதான் புலப்பட்டது. ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டேயும் கனடாவின் சட்பரி ஆய்வகமும் இந்த மாற்றத்தை உறுதி செய்தன. வகை மாற வேண்டுமானால் எடை இருந்தாக வேண்டும் என்பதும் அதிலிருந்து கிடைத்த உண்மை. டேவிஸ் 2002-இல் தம் 88-ஆம் வயதில் நோபல் பரிசு வாங்கினார்.

கோலார் சுரங்கம் 2001-இல் மூடப்பட்ட பின், தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் மலைக்கு அடியில் ஆய்வகம் அமைக்கத் திட்டமிட்டார்கள். எதிர்ப்பால் அது முடங்கிப் போனது. நியூட்ரினோவால் கேடு வரும் என்ற பயத்துக்கு அடிப்படை கிடையாது. உலகம் தோன்றிய நாளிலிருந்து அது நம் வழியே போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் மலையைக் குடையலாமா என்பது வேறு கேள்வி, நியாயமான கேள்வி.

புரோட்டான்கள் சேரும் அந்த முதல் படியில் பிறக்கும் நியூட்ரினோக்களுக்கு ஆற்றல் மிகக் குறைவு. டேவிஸின் தொட்டிக்கு அவை சிக்கவே இல்லை. இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலைக்கு அடியில் இருந்த போரெக்சினோ கருவி அவற்றை நேரடியாகக் கண்டதாக 2014-இல் அறிவித்தது. நம் கண்ணுக்கு வரும் வெயில், சூரியன் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் சமைத்தது. நியூட்ரினோ சொல்வதோ எட்டு நிமிடத்துக்கு முந்தைய நிலவரம். போரெக்சினோவின் அளவுகளைக் கொண்டு சூரியன் இப்போது எவ்வளவு ஆற்றலை உண்டாக்குகிறது என்று கணக்கிட்டு, வெயிலின் கணக்கோடு ஒப்பிட்டார்கள். அளவீட்டின் பிழை வரம்புக்குள் இரண்டும் ஒத்துப்போயின.