காசநோயில் கரையும் தசை

காசநோயாளி இளைத்துப்போவதற்குப் பசியின்மை மட்டுமே காரணமல்ல. கிருமி பெரும்பாலும் நுரையீரலில்தான் இருக்கிறது. தொடையிலும் தோளிலும் உள்ள தசையைக் கரைப்பது நோயாளியின் உடலேதான். நாள் முழுக்கக் குழித்தறியில் உட்கார்ந்து, மிதியை மாற்றி மாற்றி மிதித்துப் பட்டு நெய்யும் காஞ்சிபுரத்து நெசவாளருக்கு இது பிழைப்பையே முடக்கும் இழப்பு.

கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள் டிஎன்எஃப் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. உடலை உருக்கும் பொருளைத் தேடியவர்கள் கண்டெடுத்ததும் இதே புரதம்தான் என்பது 1985-இல் உறுதியானது. இதுவும் இது போன்ற பிற புரதங்களும் தூண்டியதும், தசைச் செல்லுக்குள் இருக்கும் புரதங்கள்மேல் யுபிக்விடின் என்ற சிறு அடையாளம் ஒட்டப்படுகிறது. அடையாளம் விழுந்த புரதத்தைப் பீப்பாய் வடிவ புரோட்டியசோம் உள்ளிழுத்துத் துண்டு துண்டாக நறுக்குகிறது. அந்தத் துண்டுகளிலிருந்து கிடைக்கும் அமினோ அமிலங்கள் ரத்தத்தில் கலக்கின்றன. கல்லீரல் அவற்றைக் கொண்டு நோயெதிர்ப்புக்கான புரதங்களையும் குளுக்கோஸையும் செய்கிறது. புரதத்துக்கென்று உடலில் தனிக் கிடங்கு கிடையாது. அதனால்தான் தசையில் கை வைக்க வேண்டியிருக்கிறது.

காஞ்சிபுரத்தில் பழைய பட்டுப்புடவையை ஜரிகைக்காக விற்பதுண்டு. புடவையை எரித்து வெள்ளியைப் பிரிப்பார்கள். வெள்ளி கைக்கு வரும், முந்தானை போய்விடும். அந்த வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தாலும் புடவை வந்துவிடாது. பட்டு நூல் வேண்டும், தறி வேண்டும், நெய்ய ஆள் வேண்டும். தசையும் அப்படியே. முதலில் மருந்தால் நோய் அடங்க வேண்டும். பிறகு புரதத்தோடு வயிறு நிறையச் சோறும், மெல்ல மெல்ல நடமாட்டமும் வேண்டும். டப்பாவில் வரும் புரதப் பொடி மட்டும் பலம் தரும் என்ற விளம்பரத்தை நம்ப இடமில்லை.

நடமாட்டத்துக்கு நேர்மாறாக, ஒரு காலத்தில் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுத்த படுக்கையாக ஓய்வெடுப்பதே சிகிச்சை என்றிருந்தது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று 1959-இல் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தசை பலத்தையே ஓர் அளவுகோலாக வைத்திருக்கிறது. பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியாதவர் ஆபத்தில் இருப்பவராகக் கருதப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். கருவி வேண்டாத எளிய சோதனை இது, உயிர் காப்பது. நோயாளிகளுக்கு உணவு கொடுத்து ஜார்க்கண்டில் நடத்தி 2023-இல் வெளியான ஆய்வில், முதல் 2 மாதங்களில் எடை 5 விழுக்காடு கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது. நோய் நன்றாக அடங்கியவருக்கும் எடை கூடும் என்பதால் முழுப் பெருமையையும் உணவுக்கே கொடுத்துவிட முடியாது.

சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக ஒன்றிய அரசு தரும் தொகை, 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். நெய்த புடவைக்கு மட்டுமே கூலி பெறும் குடும்பத்தில் தறி நின்றால் வருமானமும் நிற்கும். அந்த ஆயிரம் நோயாளியின் தட்டுக்கு முட்டையாகவும் பருப்பாகவும் வருவதற்குள் வீட்டு அரிசிக்கே செலவாகிவிடக்கூடும்.