ஒரு நாவலும் இரண்டு மனமும்

ஒரு நாவலைக் கீழே வைக்க மனமின்றிப் படித்து முடிக்கிறீர்கள். முடித்ததும், 'இதையா இவ்வளவு விரும்பிப் படித்தோம்?' என்று உள்ளம் உறுத்துகிறது. இப்படி உங்களுக்கு நேர்ந்ததுண்டா? இது மனத்தின் தடுமாற்றமா, இயல்பா?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஆஸ்திரேலிய எழுத்தாளர் சாலி தோர்னின் 'தி ஹேட்டிங் கேம்' என்னும் ஆங்கில நாவல் 2016-இல் வெளிவந்தது. இரண்டு பதிப்பகங்கள் ஒன்றாக இணைகின்றன. அவற்றின் தலைவர்களுக்கு உதவியாளர்களான லூசியும் ஜோஷுவாவும் எதிரெதிரே அமர்ந்து வேலை செய்கின்றனர், ஒருவரையொருவர் வெறுக்கின்றனர், ஒரே பதவி உயர்வுக்குப் போட்டியிடுகின்றனர். வெறுப்பு காதலாக மாறுகிறது. முதல் முத்தம் அலுவலக லிஃப்டில்! காதல் காட்சிகள் சூடாகவே எழுதப்பட்டுள்ளன. பக்கங்கள் பறக்கின்றன. ஆனால் ஜோஷுவாவின் பொறாமையும், அவளைத் தன் உடைமைபோல் காக்கும் போக்கும் நெருடுகின்றன.

முதலில் விறுவிறுப்பின் காரணத்தைக் காண்போம். சினம், அச்சம், ஆசை ஆகிய மூன்றிலும் அட்ரினலின் சுரக்கக்கூடும். இதயம் விரைந்து துடிக்கும். இந்தப் படபடப்புக்கு என்ன பெயர் என்பதை மூளை சூழலையும் கொண்டு முடிவு செய்கிறது. சில வேளைகளில் பெயர் மாறிவிடுவதும் உண்டு.

1974-இல் டட்டன், ஆரன் என்னும் உளவியலார் கனடாவின் வான்கூவர் நகருக்கு அருகே நடத்திய ஆய்வு புகழ்பெற்றது. கேப்பிலானோ ஆற்றுக்கு மேலே சுமார் 230 அடி உயரத்தில் ஆடும் தொங்கு பாலம் ஒன்று உண்டு. அதைக் கடந்த ஆண்களிடம் ஒரு பெண் சில வினாக்கள் கேட்டுத் தம் தொலைபேசி எண்ணைத் தந்தார். எண்ணை வாங்கிய 18 பேரில் 9 பேர் பின்னர் அவரை அழைத்தனர். ஆடாத, தாழ்வான பாலத்திலோ 16 பேரில் 2 பேரே அழைத்தனர். அச்சத்தின் படபடப்பை ஈர்ப்பு என்று மனம் எடுத்துக்கொண்டது என்பது ஆய்வாளரின் விளக்கம். சிலரை மட்டுமே கொண்ட ஆய்வாதலால் இதையே முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. எனினும், போட்டியின் படபடப்பு காதலாக மாறும் கதை ஏன் நம்மை ஈர்க்கிறது என்பதை இது ஓரளவு விளக்குகிறது.

சரி, பிடித்தபின் உறுத்துவானேன்? விருப்பும் வெறுப்பும் ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் தராசுத் தட்டுகள் அல்ல. லார்சன், கச்சியோப்போ முதலியோர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' என்னும் இத்தாலியப் படம் பார்க்க வந்தோரை வினவினர். மகிழ்ச்சியையும் துயரத்தையும் ஒருசேர உணர்வதாகக் கூறியோர் தொகை, படம் தொடங்குமுன் இருந்ததைவிட முடிந்தபின் வெகுவாகக் கூடியிருந்தது.

நாவலில் இன்னொரு வசதியும் உண்டு. கதையை லூசியே சொல்கிறாள். அவள் மனத்தில் ஓடும் ஒவ்வோர் எண்ணமும் நமக்குத் தெரியும். அந்த முத்தத்தை அவள் விரும்புகிறாள் என்பதும் தெரியும். உண்மையான அலுவலகத்தில் எதிரே அமர்ந்திருப்பவரின் மனத்தை எவராலும் அவ்வாறு படிக்க முடியாது. அங்கே மௌனம் சம்மதமாகாது. அச்சத்தாலும் வாய் மூடும். கதையை ரசித்த அதே மூளைதான் இதையும் நினைவூட்டுகிறது. அந்த நினைவூட்டலே உறுத்தல்.

ஆகவே, ரசித்ததற்காக நாண வேண்டாம். உறுத்தலை ஒதுக்கவும் வேண்டாம். அடுத்த முறை இப்படியொரு நாவலை மூடும்போது, 'எது பிடித்தது? அதையே வாழ்வில் ஒருவர் எனக்குச் செய்தால் ஏற்பேனா?' என்று தனித்தனியே கேட்டுப் பாருங்கள். இரண்டு விடைகள் கிடைத்தால் வியக்க வேண்டாம். இரண்டும் உங்களுடையவையே.