பாரீஸ் சாலைகளில் மூன்று சக்கர ஸ்கூட்டர்: என்ன காரணம்?

பாரீஸின் காலை நெரிசலில், அலுவலக உடையில் பலர் ஒரு புதுமாதிரி ஸ்கூட்டரில் விரைவதைப் பார்க்கலாம். பின்னால் ஒரு சக்கரம், முன்னால் பக்கம் பக்கமாக இரண்டு. மூன்று சக்கரம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஆட்டோ. இந்த வண்டியோ வளைவில் மோட்டார் சைக்கிளைப் போலவே சாய்ந்து திரும்பும்.

வெஸ்பாவை உருவாக்கிய இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 2006-ல் ‘எம்.பி.3’ என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு பிரான்சின் பெஜோ ‘மெட்ரோபோலிஸ்’ வண்டியையும், ஜப்பானின் யமஹா ‘ட்ரைசிட்டி’யையும் களமிறக்கின.

எப்படிச் சாய்கிறது?

முன்சக்கரங்கள் இரண்டையும் நான்கு அலுமினியக் கைகள் கொண்ட இணைகர அமைப்பு இணைக்கிறது. வண்டி சாயும்போது இணைகரமும் சரிய, இரு சக்கரங்களும் ஒரே கோணத்தில் சாய்ந்து தரையைப் பற்றிக்கொள்கின்றன. எம்.பி.3-யில், சிக்னலில் பொத்தானை அழுத்தினால் சாய்வு பூட்டிக்கொள்ளும். காலை ஊன்ற வேண்டியதில்லை.

இரு சக்கர வண்டியில் முன்சக்கரம் வழுக்கினால் விழாமல் தப்புவது கடினம். மழையில் நனைந்த கல் பாவிய தெருவிலும் டிராம் தண்டவாளத்திலும் அந்த ஆபத்து அதிகம். இதில் ஒரு முன்சக்கரம் வழுக்கினாலும் மற்றொன்று தாங்கும்.

சட்டம் திறந்த வழி

விற்பனைக்குக் கைகொடுத்த இன்னொன்று, ஓட்டுநர் உரிமச் சட்டம். ஐரோப்பிய விதிப்படி, ஒரே அச்சில் உள்ள இரு சக்கரங்களின் இடைவெளி 460 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அவை ஒரே சக்கரமாகக் கணக்கிடப்படும். முதல் எம்.பி.3-யின் இடைவெளி 420 மி.மீ. அடுத்து வந்த ‘எல்.டி.’ வகையில் அது 465 மி.மீ. ஆனது. அதனால் அது முச்சக்கர வாகனம் என்ற தகுதியைப் பெற்றது. பிரான்சில் 21 வயது நிரம்பியவர்கள், கார் உரிமத்துடன் 7 மணி நேரப் பயிற்சி பெற்று இதை ஓட்டலாம். காரில் நெரிசலில் சிக்கித் தவித்தவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு.

எச்சரிக்கையும் தேவை

பெரும்பாலும் 200 கிலோவைத் தாண்டும் எடையும் கூடுதல் விலையும் இதன் குறைகள். அவற்றைவிட முக்கியமானது, காருக்கு உள்ள உலோகக் கூடும் சீட் பெல்ட்டும் இதில் இல்லை என்பது. மூன்றாவது சக்கரம் பிடிமானத்தைக் கூட்டும். மோதலில் உடலைக் காக்காது. கார் ஓட்டிப் பழகியவர்கள் ஹெல்மெட்டையும் கையுறையையும் முறையான பயிற்சியையும் தவிர்க்கவே கூடாது.