மலைநடையும் கூட்டு வாழ்வும்

நுழையும்முன்

கடலும் வயலும் மலையும் ஒரு நாள் நடைக்குள் அடங்கும் நிலம் நாஞ்சில் நாடு. அங்கு வாழ்வோர்க்கு மலை தொலைவில் தெரியும் வெறுங்காட்சி அன்று. ஊரின் அயலில் நிற்கும் உறவு. அந்த உறவை நாடி எப்பருவத்தில், யாருடன், எவ்வாறு செல்வது என்பதை இவ்விளக்கக் கட்டுரை எடுத்துரைக்கிறது.

பருவம் அறிதல்

கோட்டாற்றின் சந்தைத் தெருக்களில் மிளகும் சுக்கும் மணக்கும். அம்மணத்தின் பிறப்பிடமாகிய மலைகள் ஊருக்கு வடக்கே நீல நிறத்தில் நீண்டு கிடக்கின்றன. கன்னியாகுமரிச் சாலையில் சென்றால், பொற்றையடி அருகே மருந்துவாழ்மலை எழுந்து நிற்கும். மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்கோடிக் குன்றுகளுள் ஒன்று அது. நாராயண குரு தவமியற்றிய குகை அம்மலையில் உள்ளது. கார்த்திகைத் திருநாளில் அதன் உச்சியில் தீபம் ஏற்றுவர். ஆகவே, கூட்டமாகச் சேர்ந்து மலையேறுதல் இம்மண்ணுக்குப் புதிய பழக்கம் அன்று. மலையேற்றக் குழு என்னும் பெயரே புதியது.

குறிஞ்சி நிலத்திற்குரிய பெரும்பொழுதுகளாகக் கூதிரையும் முன்பனியையும் தொல்காப்பியம் குறிக்கிறது. மலைநடைக்கு உகந்த காலமும் முன்பனியே. குமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுகிறது. மழை நாள்களில் பாறைகள் வழுக்கும், ஓடைகள் நொடிப்பொழுதில் பெருகும், அட்டைகள் மொய்க்கும். மார்கழி முடிவில் மழை ஓய்கிறது. அப்போது சுனைகளில் நீர் இருக்கும். புல்லில் பசுமை இருக்கும். வெயிலில் கடுமை இராது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலைக்குக் கேரள வனத்துறை ஆண்டுதோறும் சனவரி மாதத்தை ஒட்டியே நடைப்பயணத்தைத் தொடங்குவதும் இக்காரணம் பற்றியே. நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, 2019ஆம் ஆண்டில் அப்பயணத்தில் பெண்களும் பங்கேற்கத் தொடங்கினர்.

பனிக்காலம் கழிந்ததும் மலையின் இயல்பு மாறிவிடும். மாசி, பங்குனியில் புல் காய்ந்து எரிபொருளாகிறது. 2018ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் இறங்கிக்கொண்டிருந்தோரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் இளைஞர். சரிவில் மேல்நோக்கிப் பரவும் தீ, தனக்கு மேலுள்ள புல்லை முன்னரே சூடேற்றி உலர்த்திவிடும். அதனால் மனிதர் ஓடும் வேகத்தைக் காட்டிலும் விரைவாக அது ஏறும். அத்துயரத்திற்குப் பின் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் வகுத்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில், பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் செல்லத்தக்க 40 தடங்கள் மாநிலமெங்கும் அறிவிக்கப்பட்டன. வனத்துறையின் இசைவைப் பெறுதல் வெறும் சடங்கு அன்று. அது உயிர்காக்கும் முதற்படி.

பின்வருவோரின் நடையே குழுவின் நடை

மலையேற்றக் குழுவில் முன்னே வழி அறிந்தவர் ஒருவர் செல்வார். கடைசியாக அனுபவம் மிக்க மற்றொருவர் வருவார். இவ்விருவர்க்கும் இடையிலேயே அனைவரும் நடத்தல் வேண்டும். பிரிவழி வரும் இடந்தோறும் நின்று எண்ணிக்கை பார்ப்பர். சென்றோர் பெயர்ப்பட்டியலும் திரும்பும் நேரமும் ஊரில் ஒருவரிடம் இருக்கும். உச்சியை அடைந்தாலும் அடையாவிட்டாலும், குறித்த நேரத்தில் இறங்கத் தொடங்குவர். உச்சிக்கு நூறடி இருக்கும்போது திரும்புதல் எவர்க்கும் கடினமே. எனினும் அவ்வாறு திரும்பத் தெரிந்த குழுவே மறுமுறையும் மலையேறும்.

இந்நெறிகளுள் தலையாயது ஒன்று உண்டு: மெதுவாக நடப்பவர் எவரோ, அவருடைய நடையே குழுவின் நடை. வகுப்பறையிலும் விளையாட்டுத் திடலிலும் முந்துவோரைப் பாராட்டிப் பழகியவர்கள் நாம். மலையில் முந்தியவர் காத்திருக்கக் கற்கிறார். பிந்தியவர் வெட்கமின்றி உதவி கேட்கக் கற்கிறார். ஒருவர் பையை மற்றொருவர் சுமக்கிறார். பாறை நிழலில் அமரும்போது கட்டுச்சோறும் நேந்திரங்காய் வற்றலும் பொதுவாகின்றன. மலையில் தீ மூட்டலாகாது. ஆதலின், சுக்குக் காப்பியும் வீட்டிலிருந்தே குடுவையில் வரும். கொண்டுசென்ற நெகிழிப் பையும் உறையும் மீண்டும் ஊர் திரும்பும்.

மலை ஏறாத நாள்களிலும் குழுவிற்குப் பணி உண்டு. கவிமணி பிறந்த தேரூரின் குளமும் சுசீந்திரம் குளமும் குளிர்காலத்தில் வலசைப் பறவைகளின் இருப்பிடம். இந்த ஈரநிலம் 2022இல் உலகளாவிய முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் தளங்களுள் ஒன்றாயிற்று. ஆசிய நாடுகள் பலவற்றில் சனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நிகழ்கிறது. மலையில் பொறுமை பயின்றவர்க்கு விடியற்பனியில் அசையாது அமர்ந்து பறவைகளை எண்ணுதல் எளிதாகும்.

தெரிந்து தெளிவோம்

உலகின் முதல் மலையேற்றச் சங்கம் 1857இல் இலண்டனில் தோன்றியது. இந்தியாவில் இமயமலைச் சங்கம் 1928இல் நிறுவப்பட்டது. டென்சிங் நார்கே எவரெஸ்ட்டை வென்ற மறு ஆண்டு, 1954இல், டார்ஜிலிங்கில் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது.

மலைமக்களின் அறிவு

1987ஆம் ஆண்டு டிசம்பரில், புஷ்பாங்கதன் தலைமையில் தாவர ஆய்வாளர் குழு ஒன்று அகத்தியமலைப் பகுதியில் நடந்து சென்றது. ஆய்வாளர்கள் களைத்துப்போயினர். வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்களோ சிறு கனிகளைத் தின்றவாறு சோர்வின்றி நடந்தனர். அக்கனியைப் பற்றிக் கேட்டபோது அவர்கள் முதலில் தயங்கினர். அது முன்னோர் வழிவந்த அறிவு. பின்னர்ச் செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. அதனால் கிடைக்கும் உரிமத்தொகையில் பாதி காணி மக்களுக்கு உரியது என முடிவாயிற்று. அதற்கென 1997இல் அறக்கட்டளை ஒன்றும் அமைந்தது. மரபறிவைத் தந்தோர்க்குப் பயனில் பங்களித்தமையால், இந்நிகழ்வு உலக அரங்கில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

இந்நிகழ்வில் நாம் எண்ணத்தக்கது ஒன்றுண்டு. அந்த நடையில் படித்தவர்கள் பின்தங்கினார்கள். காட்டை அறிந்தவர்கள் முன்னே சென்றார்கள். முன்னே சென்றவர்கள் விட்டுச் செல்லவில்லை; நின்று, கையிலிருந்ததைப் பகிர்ந்தார்கள். குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறைப் பகுதிகளிலும் காணி மக்கள் வாழ்கின்றனர். அவர்களை நாம் சுமைதூக்குவோராகப் பார்க்கிறோமா, ஆசிரியராகப் பார்க்கிறோமா என்பதில் நம் மலைநடையின் தரம் வெளிப்படும்.

குளிர்காலக் காலையொன்றில் கோட்டாற்றிலிருந்து புறப்படும் மாணவர் குழு, மாலையில் கால்வலியுடன் திரும்பும். அவர்கள் எவ்வளவு உயரம் ஏறினர் என்று ஊரார் கேட்கலாம். எத்தனை பேர் சென்றனரோ அத்தனை பேரும் நலமாகத் திரும்பினர் என்பதே அவர்கள் பெருமையுடன் சொல்லத்தக்க விடையாகும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள குன்று ஒன்றைப் பற்றி முதியோரிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

2. ‘மெதுவாக நடப்பவரின் நடையே குழுவின் நடை’ – இந்நெறி பள்ளி வாழ்விற்கும் பொருந்துமா? வகுப்பறையில் கலந்துரையாடுக.